ஏறிக்கொண்டே போன சர்க்கரைக் கோடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிக்காற்று கரிசல் புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அருப்புக்கோட்டையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இது நடந்தது.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள். என் கணவர் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கும் கடை வைத்திருக்கிறார். அந்தச் சித்திரையில் அவருக்குச் சர்க்கரை கூடியிருப்பது தெரியவந்தது. மதுரையில் மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சாப்பாட்டைக் குறைத்து நடக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்றும் சொன்னார். லோடு இறக்கும்போது மூட்டை சரிந்து காலில் விழுந்தபோதுகூட முகம் சுளிக்காத மனிதர், ஊசி என்ற சொல்லுக்கு வெளிறிப்போனார்.

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். விடிந்ததும், பக்கத்துத் தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் நண்பரோடு கண்மாய்க் கரையில் நடப்பார். அதற்கு முன், கண்ணை இறுக மூடிக்கொண்டு விரல் நுனியில் குத்தி, கருவி காட்டும் எண்ணைக் கைபேசியில் ஓர் அட்டவணையில் பதிவார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் அமைத்துத் தந்த அட்டவணை அது. ஒரு கட்டத்தில் தேதி, மறு கட்டத்தில் சர்க்கரை.

நானோ அப்போது இணையத்தில் பைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். கணினிக்கு இடும் கட்டளைகளை வரிவரியாக எழுதும் மொழி அது. யாப்பைப் போலவே, ஓர் இடம் பிசகினாலும் ஏற்றுக்கொள்ளாத அதன் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மருத்துவரிடம் போகும் நாள் நெருங்கவே, ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் வந்த கணவரின் எண்கள் மொத்தத்தில் எந்தப் பக்கம் போகின்றன என்று வரைபடமாக்கிக் காட்டலாம் எனத் தோன்றியது. அட்டவணையின் முதல் சில வரிகளை மட்டும் பார்த்தேன்; சுத்தமாக இருந்தன. கட்டளைகளை எழுதி ஓட்டினேன். படம் வந்தது. இடப்பக்க அச்சில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கரி பூசியதுபோல் இருந்ததால், அழகு கருதி அவற்றை மறைத்துவிட்டேன்.

கோடு இடையிடையே சறுக்கினாலும், கீழ் மூலையிலிருந்து மேல் மூலைவரை ஏறிக்கொண்டே போயிற்று.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். மறுநாள் நடக்கப் போகவில்லை. மதியம் தட்டை நீட்டினார்.

“இன்னும் ரெண்டு கரண்டி போடு. எப்படியும் ஊசிதான்னு ஆகிப்போச்சு, பட்டினி கிடந்து ஊசி போடுறதுக்குத் தின்னுட்டே போட்டுக்கிறலாம்.”

அதற்கடுத்த நாளும் அவர் எழுந்திருக்கவில்லை. இரும்புக்கடை நண்பர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏலே, கண்மாய்க்கரை நாயெல்லாம் உன்னத் தேடுது. என்னலே, உடம்புக்கு என்ன?”

என் கணவர் மடிக்கணினியைக் கைகாட்டினார். நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஏறுது, சரி. எங்க இருந்து எங்க ஏறுது? எண்ணு ஒண்ணையும் காணோமே தங்கச்சி! தராசு முள்ளு மட்டும் ஆடுது, படிக்கல்ல ஒளிச்சு வச்சிட்டீங்களா?”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மறைத்த எண்களைத் திரும்பக் கொண்டுவந்து, படத்தைப் பெரிதாக்கினேன். அச்சில் நூற்று எண்பதுக்கு மேலே நூற்று அறுபத்தைந்து இருந்தது. அதற்கும் மேலே நூற்றுத் தொண்ணூற்றைந்து, அதன் தலைமேல் நூற்று நாற்பது.

விஷயம் புரிந்தது. கணினி அவற்றை எண்களாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வெறும் சொற்களாக எண்ணியிருக்கிறது. சொல்லில் பெரிது சிறிது ஏது? வந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டது. சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும், புதியதோர் எண் வந்தாலே கோடு மேலே போகும்; முன்பு வந்த எண் திரும்ப வந்தால் மட்டும் சறுக்கும்.

எல்லாவற்றையும் எண்ணாக மாற்றும்படி கட்டளையிட்டேன். கணினி பாதியில் நின்று, இதை மாற்ற இயலாது என்று ஒரு கட்டத்தைச் சுட்டிக்காட்டியது. நான் உரக்கப் படித்தேன்: ‘212 திருச்சுழி கல்யாணம்.’

நண்பர் சிரிக்கத் தொடங்கினார். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இதுல என்ன சிரிப்பு? கடையில ஒரு தொகை எழுதினா எதுக்குன்னு பக்கத்துல எழுதுறதில்லையா? விவரம் இல்லாத எண்ணு ஒரு கணக்கா?”

எண்ணோடு ஒட்டிக்கிடந்த அந்தச் சொற்கள்தான் வரிசை முழுவதையும் சொல்லாக்கியிருந்தன. அவற்றைப் பிரித்தெடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். கணினி அடுத்த இடத்தில் நின்றது. ‘198 மாம்பழம் ஒண்ணு.’

“ஒண்ணா? ஏலே, சந்தையில என் பக்கத்துலதான நின்ன?”

“சின்னது ரெண்டு. சேத்தா ஒண்ணு.”

மீண்டும் ஓட்டினேன். ‘205 பந்தல்குடி பரோட்டா.’

“கூட்டிட்டுப் போன புண்ணியவான் பேரும் இருக்கான்னு பாரு,” என்றார் என் கணவர். நண்பரின் சிரிப்பு சட்டென்று நின்றது. நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இப்படி ஒவ்வொன்றாகக் கணினி நிறுத்தி விசாரிக்க, என் கணவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். மூவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த கட்டம் வந்தது. வாயெடுத்த நான் படிக்காமல் நிறுத்திவிட்டேன்.

‘190 நீ ஊர்ல இல்ல.’

நான் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் அது. அதற்கடுத்து நின்ற இடத்திலும் அதே சொற்கள். அதற்கும் அடுத்ததிலும்.

நண்பர் திரையை எட்டிப் பார்த்தார். “கடை திறக்கணும் தங்கச்சி, வாரேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

“அன்னைக்கெல்லாம் தப்பா ஒண்ணும் திங்கல,” என்றார் என் கணவர், மேசைத் துணியின் ஓரத்தை நீவியபடி. “நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். வேற காரணம் ஆப்புடல.”

நான் மிச்ச வரிகளையும் சரிசெய்து முடித்தேன். இந்த முறை கணினி எங்கும் நிற்கவில்லை. புதிய கோடு அங்கங்கே முகடுகளோடு, மேட்டு நிலத்திலிருந்து கண்மாய்க்கு இறங்கும் வண்டிப்பாதைபோல் மெல்ல மெல்லக் கீழே போயிற்று.

“இறங்குதா?”

“இறங்குதுங்க. நீங்க நடந்தது எதுவும் வீண் போகல.”

அவர் எழுந்து நடைக்கான காலணியைத் தேடினார். வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது.

“இந்த வெயில்லயா?”

“ரெண்டு நாள் நடை பாக்கியிருக்குல்ல?” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மதுரையில் மருத்துவர் தம் பரிசோதனை முடிவுகளோடு எங்கள் வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இப்போதைக்கு ஊசி வேண்டாம், அதே மாத்திரை போதும் என்றார். முகடுகளுக்கு அருகே நான் பொருத்தியிருந்த காரணங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர், ஓர் இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லம்மா.”

ஒரே வீட்டில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும், ஒவ்வொரு காலையும் அவரிடமிருந்து எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனவள் நான். இப்போதெல்லாம் அவர் எண்ணைச் சொன்னதும் ‘ஏன்?’ என்று கேட்கிறேன், அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.