பவுஸ்தினாவின் ரத்தப் பொரியல்

ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் எங்கள் செர்ரோ தே பாஸ்கோ ஊர்ச் சந்தையில் கோழி ரத்தம் பொரித்து விற்பவள் பவுஸ்தினா. வெங்காயமும் புதினாவும் மிளகாயும் போட்டு அவள் கிளறத் தொடங்கினால் சுரங்கத்து ஆட்கள் வேலைக்குப் போகிற நினைப்பையே மறந்து நிற்பார்கள். அவளுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு விற்கிற எனக்கும் தினம் ஒரு தட்டு வந்துவிடும்.

நாலாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே யாருக்கு மூச்சு வாங்கினாலும் ஊரே ஒரே வைத்தியம்தான் சொல்லும்: ரத்தம் போதவில்லை, ரத்தம் சாப்பிடு. பவுஸ்தினாவின் கணவன் மெலித்தோன் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். போன மழைக்காலத்திலிருந்து நாலு படி ஏறினாலே நின்றுவிடுவான். உதடும் நகமும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தன. குளிர் என்று நினைத்தோம். அவள் இரண்டு வேளையும் தட்டு நிறையப் பொரியல் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பினால் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாள். இன்னும் இரண்டு கரண்டி வை, ஆள் தேறட்டும் என்று சொன்ன புண்ணியவதி நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை கடை வாசலிலேயே சரிந்து விழுந்தான். அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கிருந்த டாக்டரம்மா சின்னப் பெண். அவனுடைய ரத்தத்தைச் சோதித்தாள், நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தாள். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னாள்.

"இவருக்கு ரத்தம் குறையலம்மா. ரொம்ப அதிகம். காத்து பத்தலன்னு உடம்பு ரத்தத்தைக் கூட்டிக்கிட்டே போயிருக்கு, நிறுத்தத் தெரியல. கூழாட்டம் கெட்டியாயிருச்சு. அதைத் தள்ளித் தள்ளியே இதயத்தோட வலது பக்கம் வீங்கிக் கிடக்கு."

என்ன சாப்பாடு என்று கேட்டாள். பவுஸ்தினா சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நோய்க்குக் காரணம் அது இல்லை, ஆனால் எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டது போலத்தான் என்றாள். பவுஸ்தினா தன் இரண்டு கைகளையும் யாருடைய கைகளையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டு ஒரு பை ரத்தம் எடுத்தார்கள். கறுப்பாக, மெதுவாக வந்தது. கொஞ்ச நேரத்தில் மெலித்தோன் தலைவலி விட்டது என்றான். இது தற்காலிகம்தான், கீழே கடற்கரைப் பக்கம் போய்விட்டால் வீக்கம் ஓரளவு வடியலாம், இங்கேயே இருந்தால் இதயம் ஓய்ந்துவிடும் என்றாள் டாக்டரம்மா. "உங்ககிட்ட இதை முன்னாடி யாரும் சொல்லலையா?"

மெலித்தோன் கூரையைப் பார்த்தான். சுரங்கத்து டாக்டர் இரண்டு வருடத்துக்கு முன்பே கீழே போய்விடச் சொல்லிவிட்டாராம். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை லாரி இருக்கைக்கு அடியில் செருகி வைத்திருக்கிறானாம்.

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. பவுஸ்தினா கட்டிலருகே போனாள். "தெரிஞ்சேவா கிழவா நான் ஊட்டினதைத் தின்னே?"

"நீ ஆசையா வச்சே. நான் சொல்லியிருந்தா அன்னிக்கே கடையை மூடிட்டுக் கிளம்பியிருப்பே. உன் சனம், உன் சந்தை எல்லாம் இங்க. கீழ உனக்கு யாரு இருக்கா?"

அவள் டாக்டரம்மாவிடம் கடற்கரைக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பதிலை வாங்கிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"கீழ நீ இருப்பேல்ல, பாவி மனுஷா."