வெளியே போன பந்து

எங்கள் ஊரில் வாலிபால் ஆட இடம் கிடைத்ததே மிளகாயின் தயவில்தான். ஏர்வாடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். சுற்றிலும் உழுத காடும் கருவேல முள்ளும்தான். சிமெண்டு போட்டு, பந்தைத் தட்டினால் திரும்பி எழும்புகிற தரை என்று ஒன்று இருந்தது என்றால், அது பெரியப்பாவின் மிளகாய்க் களம் மட்டுமே. மாசி பிறந்தால் அதிலும் முக்கால்வாசியைக் குண்டு மிளகாய் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் மிளகாய் காய, நடுவில் நடப்பதற்கு விட்ட வழிதான் எங்கள் மைதானம். ஒரு கட்டிலைக் குறுக்கே போட்டால் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் என்றால் நானும் அக்காவும். அக்கா பெரியப்பாவின் மகள், பதினொன்றாம் வகுப்பு, பள்ளிக்கூட டீமுக்கு கேப்டன். நான் ஏழாம் வகுப்பு. ஆறு பேர் தேறாததால் என்னையும் டீமில் போட்டிருந்தார்கள். இதை இப்போது யாராவது சொல்லிக் காட்டினால் எனக்குச் சுர்ரென்று வரும். ஆள் குறைந்துதான் சேர்த்தார்கள், சரி. சேர்ந்த பிறகு நான் ஒன்றும் மட்டமாக ஆடவில்லை.

பெரியப்பா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: பந்து மிளகாயில் விழக் கூடாது. குண்டு மிளகாய் காயக் காய அப்பளம் மாதிரி ஆகிவிடும். பந்து விழுந்தால் தோல் நொறுங்கி விதை கொட்டும், அப்புறம் வியாபாரி மூக்கைச் சுளிப்பார். ஒரு தடவை விழுந்தாலும் பந்தை அறுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன்.

அக்காவின் பயிற்சிகளில் கொஞ்சம் கேம்ஸ் சார் சொல்லிக்கொடுத்தது, கொஞ்சம் போனில் பார்த்தது, மிச்சம் அவளாகக் கண்டுபிடித்தது. காலையில் எழுந்ததும் மோட்டார் ரூம் சுவரில் விரல் நுனியால் நூறு தடவை பந்தைத் தள்ள வேண்டும். உள்ளங்கையில் பட்டால் அது கணக்கில் சேராது. அடுத்து, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல் முட்டியை மடக்கிக்கொண்டு, களத்தின் நீளத்துக்கும் பக்கவாட்டில் நகர வேண்டும். பிறகுதான் ஆள் மாற்றி ஆள் ஆடுவது. அவள் பத்தடி தள்ளி நின்று, இடமா வலமா என்று சொல்லாமல் வீசுவாள். நான் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, முன்கையில் வாங்கி, அவள் தலைக்கு மேலே போகிற மாதிரி திருப்பித் தர வேண்டும். விடாமல் இருபது. பத்தொன்பதாவதைக் கோட்டைவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து.

கொஞ்சம் தேறியதும் நடுவில் கயிறு கட்டிப் பெரியம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டாள். அந்தப் பக்கம் அவள் என்ன செய்கிறாள் என்று தெரியாது. திடீரென்று பந்து தலைக்கு மேல் வந்து நிற்கும். ஆத்தாடி, அந்தச் சேலையை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்!

ஆனாலும் என் கையைத் திருத்தியது சேலையும் இல்லை, சுவரும் இல்லை. மிளகாய் மேல் இருந்த பயம்தான். பின்னால் போகிற பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி, மிளகாய் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று எடுத்திருக்கிறேன். பங்குனி முடிவதற்குள் எப்படி வீசினாலும் பந்து கீழே விழாது என்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பெரியப்பாவே ஒரு நாள் மிளகாயைக் கிளறிவிட்டபடி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பாராட்டவெல்லாம் இல்லை. இந்தப் பக்கம் ஏதும் விழுந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சித்திரையில் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அக்காவுக்கு அது சும்மா போட்டி இல்லை. வயசுக்கு வந்த பிள்ளையை இப்படி ஊர் ஊராக ஆடவிடலாமா என்று சொந்தக்காரர்கள் பெரியப்பா காதில் ஓதிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவரும் ஒரு முடிவுக்கு வந்து, சாப்பிடும்போது அவளிடம் சொன்னார்:

"இந்த ஒரு தடவ போயிட்டு வா. செயிச்சா மேல ஆடு. தோத்தா அதோட சரி."

அக்கா தலையை ஆட்டினாள். மறுநாள் அவள் வீசின வீச்சில் என் கை இரண்டும் கன்றிப்போயின.

இரண்டு டீமை ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே மண்டபம் ஊர்ப் பிள்ளைகள். கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்கள். தரை என்றும் பார்க்காமல் பாய்ந்து விழுந்து எடுத்தார்கள். ஆளுக்கொரு செட் ஜெயித்து மூன்றாவது செட்டும் முடிவுக்கு வந்தது. அவர்கள் ஜெயிக்க இன்னும் ஒரே பாயிண்ட் வேண்டும், நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். சர்வீஸ் அவர்களுடையது.

ஒரு நெட்டைப் பிள்ளை ஓங்கி அடித்தாள். பந்து என் தலைக்கு மேலே போகும்போதே தெரிந்துவிட்டது, பின்கோட்டுக்கு வெளியேதான் போய் விழும். விழவிட்டால் பாயிண்ட் எங்களுக்கு, ஆட்டம் சமம். விடு என்று அக்கா கத்தியது தெளிவாகக் கேட்டது. கேம்ஸ் சார் கத்தினார், வேடிக்கை பார்த்தவர்களும் கத்தினார்கள். என் கால் யாரையும் கேட்கவில்லை. பின்னாலேயே ஓடி, கோட்டைத் தாண்டி, தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது முட்டி தேயப் பந்தை எடுத்துவிட்டேன். நல்லாத்தான் எடுத்தேன். அது கையில் பட்டுச் சைக்கிள் நிறுத்தியிருந்த பக்கம் போய் விழுந்தது. என் கை பட்டுவிட்டதால் பாயிண்ட் அவர்களுக்கு; தோற்றுப்போனோம்.

மூளை இருக்கிறதா என்று கேம்ஸ் சார் கேட்டார். அக்காவோ பஸ்ஸில் என் முட்டியில் சிராய்த்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை, பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம், தோற்றுவிட்டோம் என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். என் பெயரை எடுக்கவே இல்லை. அவரும் சரி என்றார். அவள் டீம் பனியனை மடித்துப் பீரோவின் அடித்தட்டில், பழைய துணிகளுக்குக் கீழே வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே பெரியப்பா முன்னால் போய் நின்று, அக்கா மேல் தப்பில்லை, வெளியே போன பந்தை எடுத்துத் தோற்கடித்தது நான்தான் என்று ஒப்பித்தேன். ஆட்டத்தின் சட்டத்தையும் விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"வெளிய போகுதுன்னு தெரியும்ல. பெறகு ஏன் புள்ள எடுத்த?"

"கீழ விழுந்தா மெளகா நொறுங்கிரும்ல பெரியப்பா."

ராமநாதபுரம் மைதானத்தில் ஏது மிளகாய் என்று அவர் கேட்பார், நான் முழிக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவரோ என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் களத்தில் ஆள் சத்தம். போய்ப் பார்த்தால் பெரியப்பாவும் பெரியம்மாவும் பாதி காய்ந்த மிளகாயைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டியானை லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. மிளகாய் முழுவதையும் ஏர்வாடி ரோட்டோரம் கொண்டுபோய்த் தார்ப்பாயில் காயப்போடப் போகிறாராம். தர்காவுக்குப் போகிற வேன்களின் புழுதியெல்லாம் மிளகாயில்தான் படியும்; அது போதாதென்று பக்கத்திலேயே காவல் கிடக்க வேண்டும். அதுவரை எங்கள் மிளகாய் ரோட்டுப் பக்கமே போனதில்லை.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். என்னை நம்பி இனிமேல் இங்கே மிளகாய் போட மாட்டார். ஓடிப்போய் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே ஒரு பந்துகூட விழாது பெரியப்பா. இங்கனயே காயப்போடுங்க."

"விழுந்தா விழுந்துட்டுப் போகுது. நகரு புள்ள."

வண்டி கிளம்பிவிட்டது. பெரியம்மா ஒரு மூலை விடாமல் கூட்டிவிட்டுப் போக, களம் அத்தனை பெரிதாக வெறிச்சோடிக் கிடந்தது. நான் ஒருத்தி தொண்டை கிழியக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. களத்தின் நட்டநடுவில் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அழுதபடி சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குப் பூராவும் அவளோடு நான் பேசவே இல்லை.