நூற்றுக்கு மூன்று

சுகாதார அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கோட்டக்கா என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக மாடியறையில் உட்கார்ந்து காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நாய்க்கடி என்று எல்லாவற்றுக்கும் எத்தனை பேர் என்று வரைபடத்தில் கோடு போட்டுக் கொடுத்தவள். அதை ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இந்தப் புதுக் காய்ச்சல் வந்ததும் பாருங்கள், மாடிப்படி தேய்கிற அளவுக்கு ஆள் நடமாட்டம்! டிரைவர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. "கோட்டக்கா, ஏறுதா இறங்குதா?"

அவள் செய்தது மாயமந்திரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் ஊரை இரண்டாகப் பிரித்தாள். நூற்பாலைக்குப் பின்னால் காய்ச்சல் அதிகம் என்று தகரம் அடித்து அடைத்த எட்டுத் தெரு, மூவாயிரம் பேர், ஒரு பக்கம். மிச்ச ஊர் மறுபக்கம். ஒருவர் எத்தனை பேருக்கு ஒட்டவைப்பார், எத்தனை நாளில் தேறுவார் என்று சொல்லிவிட்டால் அடுத்த மாதத்துக்கான கோட்டை அது வரைந்து தள்ளிவிடும். அதில் எல்லாரையும் ஆட்டிவைப்பது ஒரே ஒரு எண்தான். அடைத்த தெருக்களில் நூறு பேர் இருந்தால், தினமும் எத்தனை பேர் தகரத்தைத் தாண்டிப் போய்வருகிறார்கள்?

"பூஜ்யம் போடும்மா. அதான் அடைச்சாச்சே!" என்றார் பெரிய டாக்டர்.

பூஜ்யம் போட்டாள். மிச்ச ஊரின் கோடு சமர்த்தாக இறங்கியது. அதை நம்பி அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடங்களைத் திறக்க உத்தரவும் தயாராகிவிட்டது.

காய்ச்சல் உத்தரவைப் படிக்குமா என்ன? புதன்கிழமை மிச்ச ஊர்ப் பக்கம் கோடு சொன்னதைவிடப் பதினோரு பேர் கூடுதல். வியாழக்கிழமை இருபத்தாறு. அவள் பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டுப் பார்த்தாள், இரண்டு போட்டுப் பார்த்தாள். மூன்று போட்டதும் கோடும் நிஜக் கணக்கும் ஒட்டிக்கொண்டன. அந்த மூன்று எந்த வழியாகப் போய்வருகிறது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்த வழியைப் பயன்படுத்துகிறவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் தங்கை வீடு அந்த எட்டுத் தெருவுக்குள் இருக்கிறது. தங்கை மகளுக்கு ஆறு வயசு. சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இரண்டு நாள் தப்பினால் பிள்ளை தங்காது. முதல் வாரமே பெரியம்மாக்காரி மருந்தோடு தகர அடைப்பின் முன்வாசலில் போய்க் கெஞ்சினாள். "கடிதம் இல்லாம எறும்பைக்கூட உள்ள விடமாட்டேன்" என்று காவலர் துரத்திவிட்டார். கடிதம் கேட்டு எழுதிய மனு எந்த மேஜையிலோ இன்னும் தூங்குகிறது. அப்புறம்தான் சாயப்பட்டறைச் சுவரோரம் திருகாணி கழன்ற தகரம் ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டுப் போனாள். போனால், அங்கே ஒரு வரிசையே நிற்கிறது! "தள்ளாதீங்கப்பா, எல்லாருக்கும்தான் அவசரம்" என்று ஒழுங்குபடுத்த ஆள் வேறு. ஒரு குப்பி ஒன்பது நாள் வரும். இதுவரை நான்கு குப்பி கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டால் தங்கை மகள் பிழைப்பாள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும், மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியில் படுக்கக் கட்டில் இருக்காது. எத்தனை வீட்டுப் பிள்ளைகள்! கடைசியில் எழுந்து போய்ப் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தகரம், வரிசை, தான் போனது, குப்பி, எதையும் பூசி மெழுகவில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை. "நல்ல வேளை சொன்னே. பள்ளிக்கூடத்தை நிறுத்திடறேன். அந்த ஓட்டையை இன்னிக்கே வெல்டிங் வெச்சிடலாம்" என்றார்.

"சார், பிள்ளைக்கு மருந்து?"

"நாளையிலிருந்து தினமும் மருந்து வண்டி உள்ள போகும். நான் பொறுப்பு, போதுமா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று சாயங்காலமே தகரம் இறுகியது.

சனிக்கிழமை காலையில் அவரே மாடியேறி வந்தார். "இப்போ பூஜ்யம் போடு, பாக்கலாம்." போட்டாள். மிச்ச ஊரின் கோடு இறங்கியது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. உள்ளே இருக்கிற மூவாயிரம் பேரின் கோடு அதே திரையில் நெட்டுக்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"சார், மருந்து வண்டி?"

"கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கும்மா. புதன், வியாழனுக்குள்ள வந்துடும்."

அவர் இறங்கிப் போனதும் அவள் முன்வாசலுக்கு ஓடினாள். அதே காவலர், அதே பதில். காலில் விழாத குறை. கைப்பைக்குள் குப்பி சில்லென்று இருந்தது.

மத்தியானம் போன் அடித்தது. தங்கைதான். ஓட்டை அடைபட்ட சேதி அவள் தெருவரை இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, குரலில் ஒரு கவலையும் இல்லை.

"அக்கா, நாளைக்குக் காலை ஊசிக்குத்தான் மருந்து இருக்கு. மருந்து வண்டி வரும்னு ஒலிபெருக்கியில கத்திட்டுப் போனாங்க, ஒண்ணையும் காணோம். அவங்களை யாரு நம்பறா? நீ இருக்கே, எனக்கென்ன! எப்பவும்போல நாலு மணிக்குப் பிள்ளையையும் கூட்டிட்டு வந்து தகரத்துகிட்ட நிக்கட்டுமா?"