கடைசி நாற்பது செக்கன்

ஜொனி பஸ்தியாம்பிள்ளை கண்டி பஸ் நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் டைம்கீப்பராக இருந்தவர். நுவரெலியா பஸ் ஒரு நிமிடம் பிந்தி நின்றாலும் தன் டைம்கீப்பர் கூட்டை விட்டு இறங்கி வந்து விசில் அடிப்பார். சாரதிமார் காதுபட ஏசுவார்கள். ஏச்சுக்காக அவர் ஒருநாளும் முறைத்ததில்லை, நேரத்தை விட்டுக்கொடுத்ததும் இல்லை.

இந்தக் கண்டிப்பைக் கேள்விப்பட்டுத்தான் விடிவெள்ளிக் குத்துச்சண்டைக் கழகத்தின் பயிற்சியாளர் றொட்னி அவரைத் தேடி வந்தார்.

"பஸ்ஸுக்குப் பாக்கிற நேரத்த எங்களுக்கும் கொஞ்சம் பாரு மச்சான். மணி அடிக்க ஆளில்ல."

யாரையும் கைநீட்டி அடித்தறியாத ஜொனி அப்படித்தான் குத்துச்சண்டைக்குள் வந்தார். மஹியாவையில், நகரசபை லயங்களுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட மண்டபம் அது. அறுபத்தாறில் இரண்டே சோடிக் கையுறைகளோடு தொடங்கிய கழகம். மழை பெய்தால் வளையத்தின் ஒரு மூலையில் வாளி வைக்க வேண்டும். ஆனாலும் சுவரில் ஒரு பலகை இருந்தது. அகில இலங்கைப் பட்டம் வென்றவர்களின் பெயர்கள் அதில் வெள்ளைப் பெயின்டில் எழுதப்பட்டிருந்தன. எழுபத்தொன்பதில் றொட்னி, எண்பத்தெட்டிலும் எண்பத்தொன்பதிலும் திகன மஹ்ரூப், இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் மோகனராஜ். மோகனராஜுக்குப் பிறகு பதினொரு வருடம் பலகையில் தூரிகை படவில்லை.

யுகேஷ் வந்தபோது எல்லாருக்கும் உயிர் வந்தது போலிருந்தது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. பல்லேகலயில் ஒரு கார்மன்ட்ஸில் பெட்டி கட்டும் வேலை. வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து பயிற்சி எடுப்பான். பயிற்சி பிந்தினால் ஜொனி வீட்டில்தான் சாப்பாடு. எடை பார்க்கும் கிழமை வந்தால் இடியப்பத்தை இரண்டோடு நிறுத்திவிடுவான். ஜொனியின் மனைவி டொரதிக்கு அது பொறுக்காது.

"இன்னும் ஒண்ணு வச்சிக்கோ தம்பி."

"வேணாங்க அன்டி. ஐம்பத்தேழு கிலோ தாண்டிருச்சின்னா றொட்னி அங்கிள் என்னயத் தோட்டத்துக்கே அனுப்பிருவாரு."

அகில இலங்கைப் பட்டத்துக்கான இறுதிப் போட்டி அந்த வருடம் கண்டியிலேயே நடந்தது. அவனுடைய அம்மா பேச்சியம்மா முதல் தடவையாக மகனின் சண்டையைப் பார்க்க வந்து, மூன்றாவது வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளையத்தோர மேசையில் மணியும் கடிகாரமுமாக ஜொனி. எதிராளி காலி ஊர்ப் பக்கத்தவன், உயரமானவன். முதல் இரண்டு சுற்றும் யுகேஷுக்கே என்று எல்லாருக்கும் தெரிந்தது. மூன்றாவதும் கடைசியுமான மூன்று நிமிடச் சுற்றில், இரண்டு நிமிடம் கழிந்த கையோடு, இடது கை அடி ஒன்று அவன் நெற்றிப்பொட்டில் விழுந்தது.

அவன் விழவில்லை. ஆனால் தடுமாறியதால் நடுவர் எட்டு வரை எண்ணி, முகத்தைப் பார்த்தார். யுகேஷ் கையுறைகளை உயர்த்திக் காட்டினான். சண்டை தொடர்ந்தபோது ஜொனியின் கடிகாரத்தில் நாற்பது செக்கன் மீதி.

அடுத்த அடியில் அவன் ஜொனி பக்கத்துக் கயிற்றில் வந்து சாய்ந்தான். நடுவர் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றார். அந்த முகத்தை அப்போது பார்த்தவர் ஜொனி மட்டும்தான். கண் அவரை நோக்கித்தான் இருந்தது, அதில் பார்வை இல்லை. பல்லுறை பாதி வெளியே வந்திருந்தது.

சண்டையை நடுவர் நிறுத்தலாம், மருத்துவர் நிறுத்தச் சொல்லலாம், பயிற்சியாளர் துவாயை வளையத்துக்குள் எறிந்து நிறுத்தலாம். மணிக்காரருக்கு அந்த உரிமை இல்லை. நேரம் முடிந்தால் மட்டுமே அவர் மணி அடிக்க வேண்டும். வளையத்துக்கு அந்தப் பக்கம், யுகேஷின் மூலையில் றொட்னி துவாயைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டிருந்தார். ஜொனி "றொட்னி" என்று கூப்பிட்டார். சனத்தின் இரைச்சலில் அந்தக் குரல் அவருக்கே கேட்கவில்லை. முப்பது. இருபத்தைந்து. இப்போதே அடித்தால் என்ன என்று கை மணிக்குப் போனது. அடித்தால் சண்டை செல்லாது என்பார்கள், பிள்ளையின் பட்டம் போய்விடும் என்றும் தோன்றியது. அதையும் அவர் நினைத்தார். பிறகு யாரிடமும் அதை மறைக்கவில்லை.

பத்து செக்கன் இருக்கும்போது விதிப்படி எச்சரிக்கைக் கட்டையைத் தட்டினார். நேரம் சரியாக முடிந்தபோது மணியை அடித்தார்.

புள்ளிகளில் யுகேஷ் வென்றான். நடுவர் அவன் கையைத் தூக்கினார். உடை மாற்றும் அறையில், வாங்கில் உட்கார்ந்து, அவன் ஜொனியிடம் கேட்டான்:

"அங்கிள், இப்ப எத்தனையாவது ரவுண்டு?"

பிறகு வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள். பத்தொன்பதாவது நாள்தான் கண் விழித்தான். வலது கையும் காலும் எழும்பவில்லை. பேச்சில் சில சொற்களே மிஞ்சின, அவையும் இடம்மாறி வந்தன.

குத்துச்சண்டைச் சங்கத்திலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். கடிகாரத்தைச் சோதித்தார்கள், ஒளிப்பதிவைப் பார்த்தார்கள். யாரிலும் பிழையில்லை என்று கடிதம் வந்தது. நேரம் மிகச் சரியாகக் கணிக்கப்பட்டிருந்தது என்று ஜொனியைப் பற்றித் தனியாக ஒரு வரி இருந்தது. அந்தக் கடிதத்தை அவர் டொரதியிடம் கூடக் காட்டவில்லை.

றொட்னி ஒருநாள் வீட்டுக்கு வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"எறிஞ்சிருக்கணும் மச்சான். நாப்பது செக்கன்தானேன்னு இருந்துட்டேன். பலகையில பேர் விழுந்து பதினொரு வருசமில்லையா."

கோபப்படலாம் என்று ஜொனி நினைத்தார். கோபம் வரவில்லை. டொரதி வைத்துவிட்டுப் போன தேத்தண்ணீரை றொட்னியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

யுகேஷை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு ஜொனியும் டொரதியும் தெல்தோட்டைக்குப் போனார்கள். லயக் காம்பராவில், ஜன்னலோரக் கட்டிலில் அவன் படுத்திருந்தான். பேச்சியம்மா அவர்களை உட்காரச் சொன்னாள். மகனின் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, மணி உங்க கையிலதானே இருந்திச்சி?"

"ஆமாம்மா."

"அடிச்சிருக்கலாமேங்க."

ஜொனி விதியைச் சொன்னார். யார் நிறுத்தலாம், யார் நிறுத்தக்கூடாது என்று முழுவதையும் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படீங்களா. எனக்கு அது தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொதிக்க வைக்க எழுந்து போனாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று திரும்பும் வழியில் அவர் டொரதியிடம் சொன்னார்.

கழகத்துக்கு அவர் பிறகு போகவில்லை. பலகையில் யுகேஷின் பெயரை எழுதிய அன்று அழைப்பு வந்தது, அதற்கும் போகவில்லை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து, தெல்தோட்டை பஸ்ஸில் ஏறுவார். ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி கொடுக்கும் பெண் காட்டிக்கொடுத்தபடி யுகேஷின் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பிடித்துவிடுவார். அவன் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சில நாள் அவரைத் தெரியும், சில நாள் தெரியாது.

போன மாதம் பேச்சியம்மா வாசலிலேயே காத்து நின்றாள்.

"வந்து பாருங்கய்யா. கைய மடக்குறான். தானாவே மடக்குறான்."

அவன் விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி மடிந்திருந்தன. நரம்பு இழுத்துக்கொண்டால் அப்படித்தான் இறுகும், அது குணமல்ல, விட்டால் பிறகு திறக்கவே முடியாமல் போகும் என்று அந்தப் பெண் ஜொனிக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"நல்லாத்தான் வருதுங்கய்யா, இல்லீங்களா?" என்றாள் பேச்சியம்மா.

ஜொனி கட்டிலோரத்தில் உட்கார்ந்தார்.

"வருதும்மா" என்று சொல்லி, பெருவிரலைப் பிடித்து மெல்ல விரிக்கத் தொடங்கினார். அது வரவில்லை.