பாஞ்சாலையின் அத்தியாயம்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிப்பவள் குசுமாவதி. மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். எதுவும் ஓடாமல் தவித்த ஒரு திங்கட்கிழமை கீழ்பென்னாத்தூர் பாஞ்சாலை மனு அடிக்க வந்தாள். கணவன் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிலக்கடலை காய் பிடித்திருந்த அவளுடைய மல்லாட்டைக் கொல்லையில் கொழுந்தன் பரசுராமன் டிராக்டரை விட்டு உழுதுவிட்டான்.

குசுமாவதி மனுவை அடித்துக் கொடுத்தாள். பிறகு அதையே ஒரு அத்தியாயமாக எழுதி ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினாள். அச்சில் வந்துவிட்டது.

சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆட்களின் பெயரை மாற்றியிருந்தாளே தவிர, ஊர் அதே ஊர், சிவப்பு டிராக்டர் அதே டிராக்டர். கதை பரசுராமன் கண்ணில் பட்டால் தனியாக இருக்கும் பாஞ்சாலையை என்ன செய்வான்? ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டாலே குசுமாவதியின் விரல் தப்பு எழுத்தில் விழுந்தது.

மூன்றாவது வாரம் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினாள். வழி கேட்டால் அவன் காதுக்குப் போய்விடுமோ என்று பயந்து, மனுவில் இருந்த விலாசத்தை வைத்துத் தெருத்தெருவாகத் தானே தேடினாள். கதவை மூன்று முறை தட்டியும் பதில் இல்லை.

"நான்தாங்க்கா, மனு அடிச்சிக் குடுத்தேனே."

கதவு ஒரு சாண் திறந்தது. பாஞ்சாலை அவளை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

"உங்கள கேக்காம கதையா எழுதிட்டேன்க்கா. தப்புதான்."

பாஞ்சாலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "படி" என்றாள்.

குசுமாவதி படித்தாள். கதையில் வருகிறவள் வரப்பில் விழுந்து புரண்டு கதறுகிறாள்.

"நான் அழுவலியேம்மா," என்றாள் பாஞ்சாலை. "அவன் வண்டி மேல இருந்து என்னையே பாத்துக்கினு இருந்தான். ஊட்டுக்கு வந்து கதவ சாத்திக்கினேன். குக்கர்ல அரிசி வெச்சேன். விசில் வந்தா நான் உள்ள இருக்கறது தெரிஞ்சிடும்னு பாதியிலயே அடுப்ப நிறுத்திட்டேன். நாலு நாளு அரவேக்காட்டு சோறுதான்."

குசுமாவதி கையிலிருந்த பக்கங்களைப் புரட்டினாள். இரண்டு பக்கம் கதறல் எழுதியிருந்தாள். இந்தப் பயம் அதில் ஒரு வரிகூட இல்லை.

"உங்க கொழுந்தனாரு இத படிப்பாராக்கா?"

"அவன் எங்க படிக்கப் போறான். அவன் பொண்ணு காலேஜ் போவுது, அது படிக்கும். இனிமே ஊரு பேரு போடாத. டிராக்டரயும் எடுத்துடு."

பொழுது சாய்ந்தால் சாப்பிடாத ஜைன வீடு குசுமாவதியுடையது. இருட்டிய பிறகு வீடு திரும்பியவள் பட்டினியாகவே படுத்தாள்.

அடுத்த இதழுக்குக் கொடுத்திருந்த அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அச்சில் வந்த அத்தியாயத்தை ஒன்பது முறை திருத்தி எழுதினாள். ஊர் மாறியது, டிராக்டரும் கதறலும் போயின. மனு விசாரணைக்கு வரும்போதெல்லாம் பாஞ்சாலை கடைக்கு வந்து, எழுதியதைக் கேட்டுவிட்டுப் போவாள். கொழுந்தன் மகள் அந்தப் பத்திரிகையைப் பார்த்தாளா என்று இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

போன வாரம் புதிதாக எழுதிய பதினோரு பக்கத்தைக் கேட்டதும் பாஞ்சாலை முகம் வெளுத்து, "இது வேணாம்மா" என்றாள். குசுமாவதி ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பதினோரு பக்கத்தையும் அவள் எதிரிலேயே கிழித்துப் போட்டாள்.