தொடக்கூடாத நேரம்

ஆட்டுக்குட்டியைத் தூக்கக் குனிந்த சித்தப்பா நிமிரும்போது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். அவரை நினைத்தாலே அந்த முகம்தான் முதலில் வருகிறது. வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரியும். புதூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: சாமி வந்திருக்கிறது. தாத்தாவுக்கும் அப்படித்தான் வந்ததாம். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் ஆடிக்கொண்டே விழுந்து இறந்தவரை, சாமியே கூட்டிக்கொண்டது என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அவருக்கு அடுத்து சித்தப்பா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

சாமி வந்தவரைத் தொடக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் கட்டுப்பாடு. இறங்கும்வரை கைகூப்பித் தள்ளி நிற்க வேண்டும். அப்புறம்தான் தண்ணீர், திருநீறு எல்லாம். தலைவலி பொறுக்காமல் சித்தப்பா கோவில்பட்டிக்கு வருவார். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆடி அடங்கி, பஸ் பிடித்து அவர் வந்து சேர்வதற்குள் பிரஷர் சரியாகியிருக்கும். மூன்று வருஷம் என் கையாலேயே பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை சித்தப்பா என்று அனுப்பிவைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

ஒரு கொடையன்று மேளத்துக்கு நடுவே அவர் வெளிறிப்போய்த் தள்ளாடியபோது எனக்குப் பொறுக்கவில்லை. பையில் இருந்த பிரஷர் மிஷினை எடுத்துக்கொண்டு ஓடி, பட்டையை அவர் கையில் சுற்றினேன். பெரியம்மா என் சடையைப் பிடித்து இழுத்தாள். மேல் எண் இருநூற்று நாற்பதில் நின்றது.

மதுரையில் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி. அது திடீர் திடீரென்று ஹார்மோனைக் கொட்டுவதால்தான் இத்தனை ஆட்டமும். மாத்திரை கொடுத்துப் பிரஷரை அடக்கிய பிறகு கட்டியை எடுத்தார்கள். பரம்பரையாக இறங்குகிற வியாதி, ரத்த சொந்தங்கள் எல்லாரும் பரிசோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். நான் பார்த்துக்கொண்டேன், எனக்கு இல்லை. சித்தப்பாவுக்கு ஒரே மகள், அவளுக்கும் பார்த்துவிடலாம் என்றேன். அவளுக்குக் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"பொண்ணு கேட்டு வந்தவிய காதுல விழுந்தா திரும்பிப் பாப்பாவளா? அவளுக்கு ஒண்ணும் கிடையாது, விடு" என்றார் சித்தப்பா.

கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு மாதம் பேசாமலும் இருந்து பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.

அடுத்த கொடை வந்தது. மேளம் உச்சத்துக்குப் போனபோது சித்தப்பா முன்னால் போய் நின்றார். சாமி வரவில்லை. பிழைத்து எழுந்த மனுஷன், தன்னைச் சாமி கைவிட்டுவிட்டதே என்று குழந்தை மாதிரி அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை, எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் குலவைச் சத்தம் எழுந்தது. அவர் மகள் முகம் வெளுத்து, வேர்வையில் நனைந்து, நெஞ்சைப் பிடித்தபடி நின்றாள். கூட்டம் கைகூப்பி விலகியது. சாமி மகளிடம் வந்துவிட்டது என்று பெரியம்மா பூரித்துப்போனாள். கொடை பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் பயபக்தியோடு கும்பிட்டார்கள். அப்படியே விட்டிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும்.

சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். அத்தனை பேர் முன்னாலும் மகளைத் தொட்டு, அவள் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினார்.

"ஏட்டி, பிரஷர் பாரு. இது சாமி இல்ல, என் சீக்கு."