நைனாவின் கையில் ஒட்டிக்கொண்ட சாயங்காலம்

போன வாரம் நம் சின்னவள் பள்ளிக்கூடத்துக்கு அட்டை வீடு செய்கிறேன் என்று உட்கார்ந்து, பெட்டிக்கடைப் பசைக்குழாயை ஊசியால் குத்தித் திறந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக்கொண்டு அழுதாளே, ஞாபகம் இருக்கிறதா? பெரியவன் உதவி செய்கிற அவசரத்தில் பிளேடை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். நான் ஒரு கத்துக் கத்தினேன். அப்பாவுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று எல்லோரும் பேந்தப் பேந்த விழித்தீர்கள். அது கோபம் இல்லை பிள்ளைகளே. அந்தப் பிளேடைப் பார்த்ததும் வேறொரு பிளேடு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

உங்களுக்குத் தேவையானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பசை ஒட்டினால் இழுக்காதீர்கள். பசை விடாது, தோல்தான் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்து, பொறுமையாக ஊறவையுங்கள். ஓரம் வெள்ளையாக எழும்பியதும் தேங்காய் எண்ணெய் தடவி, விரலை இப்படியும் அப்படியும் மெதுவாக உருட்டுங்கள். ஆறினால் மறுபடியும் வெந்நீர். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் நோண்ட வேண்டாம், இரண்டொரு நாளில் தானாக உதிரும். பிளேடு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். கண்ணிலோ உதட்டிலோ பட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இனி நான் கதைக்கு வருகிறேன்.

நாங்கள் அப்போது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் ஒரே அறை வீட்டில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசு வரும். மூடினாலும் கருவாட்டு வாடை வரும். அம்மா முந்தின மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஹார்பரில் கப்பலுக்குக் கயிறு பிடிக்கிற வேலை, பெரும்பாலும் இரண்டாம் ஷிப்டு. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் போயிருப்பார். அவர் வரும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன். காலையில் நான் கிளம்பும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரே வீட்டில் இருந்த எங்களுக்குள் சோற்றுச் சட்டிதான் பேசிக்கொள்ளும். சட்டியின் மேல் தட்டு கவிழ்த்திருந்தால் சோறு இருக்கிறது என்று அர்த்தம். தட்டின் மேல் கல் வைத்திருந்தால் உள்ளே மீன் இருக்கிறது, பூனை ஜாக்கிரதை என்று அர்த்தம். கல்லைப் பார்த்த நாட்களில் நைனா என்னை நினைத்திருக்கிறார் என்று தோன்றும்.

சாயங்காலங்களில் வாசற்படியில் உட்கார்ந்து, ஹார்பருக்குள் போகிற சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் இத்தனை என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். சொல்ல ஆள் இருக்காது. மாடத்தில் அம்மா வைத்துவிட்டுப்போன மாதா சுரூபம், ஒரு சின்னச் சிலை, இருந்தது. அதனிடம் சொல்வேன்.

பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், மத்தியானம் அவர் ஷிப்டுக்குக் கிளம்புகிறவரை, நைனாவை வெளிச்சத்தில் பார்க்கிற நாள். பூசை முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து, பழைய பிளேடு ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் காய்ப்புக் காய்ச்சிப்போயிருக்கிற இடங்களைச் சீவுவார். கயிறு பிடிக்கிற எல்லோருக்கும் அது வாரக் கடமை. சீவாவிட்டால் காய்ப்பு தடித்துக் கயிற்றில் மாட்டிப் பிளந்துவிடுமாம். தேங்காய் சீவுகிற மாதிரி அது சுருள் சுருளாக விழும். கோழி வந்து கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து போகும். பிளேடை அவர் துடைத்து, மாதாவின் காலடியில் திரும்ப வைப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நைனா பிளேடை எடுப்பதற்கு முன்பே, காசிமேட்டிலிருந்து அத்தை வந்துவிட்டாள். நைனாவின் அக்கா. கையோடு ஒரு தகரப் பெட்டியும் கொண்டு வந்தாள். மறுநாள் என்னைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு போர்டிங் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. அத்தை என் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஆள் மூஞ்சி பாக்காம வளந்துகினு கீது புள்ள. அங்க போனா நாலு புள்ளைங்களோட துன்னும், படிக்கும். நீ கம்முனு வேலைக்குப் போ."

நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து 'உம்' என்றார். அந்த 'உம்' எனக்கு நன்றாகக் கேட்டது. அத்தை சொன்னதைவிட அதுதான் வலித்தது.

பெட்டி நிரம்பியதும் அத்தை அதை மூடி, வெடுக்கென்று தூக்கினாள். அது மாடத்தில் இடித்து, மாதா கீழே விழுந்தாள். வலது கை மணிக்கட்டோடு உடைந்து உருண்டது. அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கை ஒடஞ்ச சுரூபத்த வூட்ல வெச்சிகினு இருக்கக் கூடாது. வேலைக்குப் போறப்போ கடல்ல வுட்டுடு தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

எங்கள் ஜனங்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கோயில் சாமியார், அதாவது பாதிரியார், மந்திரித்த சுரூபம் உடைந்துபோனால் குப்பையில் போடக் கூடாது. மண்ணில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் கடலில் விட வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் என் சின்னப் புத்தி வேறு மாதிரிக் கூட்டிக் கழித்தது. மாதாவும் நானும் இந்த வீட்டில் வேண்டாத சாமான்கள். அவளைக் கடலுக்கும் என்னைச் செங்கல்பட்டுக்கும் அனுப்புகிறார்கள். அவள் கை ஒட்டிவிட்டால் அவள் இருந்துவிடுவாள். அவள் இருந்தால் நானும் இருந்துவிடலாம்.

"நைனா, ஒட்டிக் குடு" என்றேன்.

நைனா என்னையும் சுரூபத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையின் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்தார். ஜப்பான் கப்பலின் சமையல்காரன் சிநேகத்துக்குக் கொடுத்ததாம். எதையும் ஒட்டும் என்று சைகையில் காட்டினானாம். குழாயின் மேல் பூச்சி ஊர்ந்த மாதிரி எழுத்து. எங்கள் சந்தில் யாரால் அதைப் படிக்க முடியும்?

எங்களுக்குத் தெரிந்த பசை என்றால் தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரம்தான். விரலால் தாராளமாகப் பூச வேண்டும், கெட்டியாக அழுத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நைனாவும் அதே மாதிரிதான் செய்தார். குழாயில் இருந்ததை முழுக்கப் பிதுக்கினார். நான் மாதாவின் குட்டிக் கையைப் பிடித்து மணிக்கட்டில் பொருத்தினேன். என் விரல்களுக்கு மேல் அவர் தன் உள்ளங்கையைப் பொத்தி அழுத்தினார். பசை தண்ணீர் மாதிரி ஓடியது. கொஞ்சம் சுட்டது.

"ஆச்சா நைனா?" என்றேன்.

அவர் கையை எடுக்கப் பார்த்தார். என் கையும் கூடவே வந்தது.

மாதாவின் கை நல்லபடியாக ஒட்டிவிட்டது. கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். ஆனால் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நைனாவின் உள்ளங்கையில், விரல்கள் தொடங்குகிற அந்த மேட்டில், பதிந்துபோயிருந்தன. அவர் லேசாக இழுத்தார். என் விரல்நுனித் தோல் கூடாரம் மாதிரி எழும்பியது. நான் அலறினேன். அதற்கப்புறம் அவர் இழுக்கவே இல்லை.

இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக அடுப்படிக்குப் போனோம். அவர் குனிந்தால் நானும் குனிய வேண்டும். ஒற்றைக் கையால் ஸ்டவ்வுக்குக் காற்றடித்து, தண்ணீர் வைத்து, சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்த்தார். துணி சோப்பைக் கரைத்தார். அலுமினியக் குண்டானில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். சாமியார் மந்திரித்த தண்ணீர் என்றால் நம்பலாம், வெறும் வெந்நீர் பலிக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் கிரேன் மாமா வந்தார். நைனாவின் சிநேகிதர், ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், தினமும் ஷிப்டுக்குச் சேர்ந்து போவார்கள்.

"இன்னா தோஸ்து, இன்னும் லுங்கிலயே கீற? ஷிப்டு சங்கு ஊதப் போறான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அடக் கஸ்மாலமே! குண்டான்ல கைய வுட்டுகினு இன்னா நடக்குது இங்க? ஞானஸ்நானமா?"

"ஒட்டிகிச்சி" என்றார் நைனா.

"இஸ்துப் பாக்கறது?"

"புள்ளைக்குத் தோல் உரியும்."

"ஸ்டவ்வுல கீற கிருஷ்ணாயில் கொஞ்சம் ஊத்து."

"எரியும். கண்ணுல பட்டா பேஜாரு."

கிரேன் மாமா மாடத்தைப் பார்த்தார். "அட, பிளேடு அங்கதான கீது! ஒன் கையில தான் காய்ப்பு..."

"நீ கெளம்பு" என்றார் நைனா.

"இல்லப்பா, நான் இன்னா சொல்றேன்னா..."

"போன்னு சொல்றேன்ல. இன்னிக்கு எனுக்குப் பதிலா வேற ஆள் போட்டுக்கச் சொல்லு."

நைனா குரலை உயர்த்தவில்லை. கிரேன் மாமா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நைனா பிளேடுக்குப் பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஆள் பிளேடுக்குப் பயப்படுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சங்கு ஊதியது. நைனா அசையவில்லை. சங்கு ஊதின பிறகு அவர் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

தண்ணீர் ஆறியது. சூடு பண்ணினோம். மறுபடி ஆறியது. கடைசியில் நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அஞ்சாவதுல கணக்குலாம் எப்டி?"

"ஆறாவது நைனா."

"ஆறாவதா?" என்றார். பிறகு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா, ஆறாவது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

அப்போது சரக்கு ரயில் போனது. நான் பழக்கத்தில் வாய்க்குள் எண்ணினேன். பார்த்தால், நைனாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. முடிந்ததும் நான் என் கணக்கைச் சொன்னேன், அவர் அவர் கணக்கைச் சொன்னார். அவருக்கு ஒரு பெட்டி குறைந்தது. கடைசியில் வருகிற கார்டு வேனைச் சேர்க்கலாமா கூடாதா என்று எங்களுக்குள் சண்டை வந்தது. அதுவும் பெட்டிதான் என்று நான் சாதித்தேன். "சரிப்பா, நீ சொன்னா சரி" என்று நைனா சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் விரலின் ஓரம் வெள்ளையாக ஊறி எழும்பத் தொடங்கியது. நைனா தேங்காய் எண்ணெய் விட்டு, என் விரலைப் பிடித்து உருட்டினார். ரொம்ப மெதுவாக. கப்பல் கயிற்றை இழுக்கிற கை அவ்வளவு மெதுவாக வேலை செய்யும் என்று யார் நினைத்திருப்பார்கள்? கட்டைவிரல் விட்டுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வலியினால் இல்லை. இன்னொன்றும் விட்டுவிட்டால் எழுந்துவிடுவார், பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவார். அதனால் ஆள்காட்டி விரல் நனையாமல், அவர் கையோடு சேர்த்துத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கி வைத்தேன். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அதுவும் விட்டது.

நைனா எழுந்து மாதாவை எடுத்து மாடத்தில் வைத்தார். கடலுக்குக் கொண்டுபோகவில்லை. கோணலாக ஒட்டிய கையோடு அவள் யாரிடமோ 'இரு' என்று சொல்கிற மாதிரி நின்றாள். ஆனால் மறுநாள் காலையில் என்னைச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவை வைத்துக்கொண்டார், என்னை அனுப்பிவிட்டார் என்ற ஆற்றாமை. போர்டிங் வாசலில் அவர் என் விரல்நுனியைத் தடவிப் பார்த்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

படிப்பு பத்தாவதோடு நின்று, நானும் அதே ஹார்பரில் கயிறு பிடிக்க வந்தேன். அதற்குள் நைனா காலமாகிவிட்டார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் எனக்கும் உள்ளங்கை காய்த்துப்போயிற்று. கூட வேலை செய்கிறவர்கள் சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து, பயந்துகொண்டே பிளேடை வைத்துச் சீவினேன்.

வலிக்கவே இல்லை. அது செத்த தோல். ஒரே சீவில் ஒரு துண்டு வந்து மடியில் விழுந்தது.

நான் அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிரேன் மாமா அன்றைக்குச் சொல்ல வந்தது இதைத்தான். என் விரல் ஒட்டியிருந்தது நைனாவின் காய்ப்பின் மேல். பிளேடு கைக்கெட்டும் மாடத்தில் இருந்தது. தன் காய்ப்பை ஒரு சீவு சீவியிருந்தால், அந்தத் துண்டு என் விரலோடு வந்திருக்கும், பிறகு தானாக உதிர்ந்திருக்கும். சங்கு ஊதுவதற்கு முன்னால் அவர் ஹார்பர் கேட்டைத் தாண்டியிருப்பார்.

மாட்டிக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். நைனா சும்மாதான் உட்கார்ந்திருந்தார்.